வீண்போகாத சீனி

அவர் எதையும் எறியமாட்டார். அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒரு வாக்கியமே போதும். மிச்சத்தை எழுதுவது, அந்தக் குணத்துக்கு நான் செய்த அநியாயத்தை ஒப்புக்கொள்வதற்காக.

மன்னார்த் தீவில், மாதா கோயிலுக்குப் பின்னால் போகும் தெருவில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே அவருடைய தையற்கடை இருந்தது. காற்சட்டைக்குக் கொடுத்த துணியில் மிஞ்சியதில் கைக்குட்டை தைப்பார். கைக்குட்டையில் மிஞ்சியதை மடித்து அடித்து, கரும்பலகை துடைக்க ஒரு துடைப்பான் செய்வார். அதிலும் மிஞ்சிய பிசிறைத் தலையணைக்குள் அடைப்பார். எனக்கு அவர் தைத்த முதற் காற்சட்டையோடு கைக்குட்டையும் துடைப்பானும் சேர்ந்தே வந்தன. "நீங்கள் படிப்பிக்கிற ஆள்தானே மாஸ்ரர், உதவும்" என்றார். ஒடிந்த ஊசிகளைக்கூட, மீன் அடைத்து வந்த ஒரு பழைய தகரத்தில் சேர்த்து வைத்திருந்தார்.

"இது என்னத்துக்கு அண்ணை?"

"தெரியாது. ஆனா எறிஞ்சா ஒண்டுக்கும் உதவாது எண்டு மட்டும் தெரியும்."

தீவு இராணுவத்தின் கையிலும் கடலுக்கு அப்பால் பெருநிலம் அதனோடு போரிட்டவர்களின் கையிலும் இருந்த வருடங்கள் அவை. மின்சாரம் இல்லை. தீவை விட்டு வெளியே போக அனுமதிப் பத்திரம் வேண்டும். அப்படியான காலத்தில் எதையும் எறியாத ஒரு மனிதரைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை. நான் சிரித்தேன். நான் பல்கலைக்கழகம் போய் வந்து இரசாயனம் படிப்பித்தவன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு சமன்பாடு இருந்தது.

அவருடைய உடம்பு வருத்தத்தைக் கண்டுபிடித்தவனும் நான்தான். ஒரு நாள் எனக்குக் காற்சட்டை அளவு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலுக்குக் குண்டூசி குத்தி முடித்ததும் "ஒரு நிமிசம் மாஸ்ரர்" என்று பின்பக்கம் ஓடினார். வந்தார், இரண்டு ஊசி குத்தினார், மறுபடியும் ஓடினார். மூன்றாம் தடவை அவர் திரும்பும்போது நான் ஒரு காலில் காற்சட்டையும் மற்றக் காலில் ஊசிகளுமாக, கொக்குப்போல நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணை, ராவிலயும் இப்பிடித்தானோ?"

"ராவில எனக்குக் கட்டில் ஒரு பஸ் தரிப்பிடம் மாதிரி. ஏறுறன், இறங்கிறன்."

"கக்கூசில எறும்பு வருதோ?"

அவர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு ஆர் சொன்னது? பூசைக்கு வாற மாதிரி வரிசையா வருது."

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன். மறுநாள் ஒரு கடதாசியோடு வந்தார். அங்கேயிருந்த இளம் பெண் வைத்தியர் நல்ல பொறுமைசாலி. இது நீரிழிவு, முற்றாக மாறாது, ஆனால் கட்டுப்படுத்தலாம் என்று அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தார். மருந்துக் குளிசை வருகிற மாதம் வரும், வராத மாதமும் இருக்கும். ஆகவே சாப்பாடும் நடையும்தான் நிரந்தர மருந்து. சீனி, பனங்கட்டி, வாழைப்பழம், மாம்பழம், இரண்டாம் கோப்பைச் சோறு என்று கடதாசியில் ஒரு நீண்ட பட்டியல். விட்டுவிட்டால் முதலில் போவது கண்ணும் காலும்.

"கண்ணும் காலும்" என்று இரண்டு தரம் சொன்னார் தையல்காரர். "கண் ஊசிக்கு. கால் மெசினுக்கு. என்னட்ட வேற என்ன கிடக்கு மாஸ்ரர்? இந்த வருத்தம் எங்க பிடிச்சா நோகும் எண்டு தெரிஞ்சுதான் வந்திருக்கு."

பிறகு பட்டியலை வெளிச்சத்தில் பிடித்து, குறைத் துணி பார்ப்பதுபோலப் பார்த்தார். "இவ்வளவையும் வெட்டினா உடுப்பில என்ன மிஞ்சும்?"

முதல் மூன்று நாளும் சொந்த முயற்சி. தெருவிலிருந்த எல்லோரும் ஒரு மருந்து சொன்னார்கள். ஒருவர் பாகற்காய்ச் சாறு, ஒருவர் வெந்தயம் ஊறிய தண்ணீர், ஒருவர் குறிஞ்சா இலை. ஒருவருடைய புத்திமதியையும் வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே காலையில் குடித்தார். அன்று முழுவதும் கடை பூட்டியிருந்தது. அவருடைய மனைவி கதவருகில் நின்று, "மனுசன் உள்ளதான் இருக்கிறார், ஆனா உள்ளுக்க ஒண்டும் இல்லை" என்று வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பினார்.

நான்காம் நாள் பிலோமினா அக்காவின் ஆடு காணாமற்போனது.

பிலோமினா அக்கா அடுத்த வளவு. அவருக்கு வெளிநாடு போக நாள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மகனும் இரண்டு ஆடுகளும்தான் உலகம். கடை வாசலில் நின்று அழுதார். தையல்காரர் அப்போது சீனி போடாத தேத்தண்ணியை முன்னால் வைத்துக்கொண்டு, அதைக் குடிக்காமல், பகையாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகையைக் கேட்டதும் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. துண்டுத் துணியில் ஒரு சட்டைக் கைக்கு இடம் கண்டுபிடிக்கும்போது வருகிற அதே வெளிச்சம்.

"அக்கா, அழாதேங்கோ. சீனியை நான் எப்பிடியும் விடத்தான் போறன். சும்மா விட்டா வீண்தானே? உங்கட ஆட்டுக்காக விடுறன். அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன்."

சொல்லிவிட்டு அந்தத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். முகம் சுளிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆடு வந்தது. வாயில் ஓர் இராணுவத் தொப்பியின் பாதி இருந்தது. மற்றப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஒரு சிப்பாய் வந்தான். மீசை சரியாக முளைக்காத முகம். கோபப்படுவதா அழுவதா என்று அவனுக்கே தெரியவில்லை. தையல்காரர் மிச்சத் துணி மூட்டையைக் கிளறி, பாடசாலை விளையாட்டுப் போட்டிக் கொடியில் மிஞ்சிய பச்சையை எடுத்து இரண்டு பாதியையும் பொருத்தித் தைத்துக் கொடுத்தார். அருகில் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அந்தச் சிப்பாயின் வலது காதுக்கு மேலே எங்கள் பாடசாலையின் ஒரு விளையாட்டு இல்லத்துக் கொடி இருந்தது என்று.

அதற்குப் பிறகு கடையில் தைக்க வந்தவர்களைவிட நேர்த்திக்கு வந்தவர்கள் அதிகம். போர்க் காலத்தில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று ஆகவேண்டியிருந்தது. அவருக்கு எப்படியும் விடவேண்டியவை ஒரு பட்டியல் நிறைய இருந்தன. பிலோமினா அக்கா அதே சீனியை மகனுடைய விசாவுக்காகப் புதுப்பித்துக்கொண்டார். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் பென்சன் பத்திரங்களுக்கு வாழைப்பழம் போனது. பெருநிலத்தில் கட்டுக்கரைப் பக்கம் வயலை விட்டுவிட்டு வந்து தீவில் தங்கியிருந்த ஒருவர் மழைக்காகக் கேட்டார்.

"நீங்கள் அங்க போகேலாது, பிறகு மழை என்னத்துக்கு?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"வயலுக்கு அது தெரியாதுதானே மாஸ்ரர்" என்றார் அந்த மனிதர். தையல்காரர் அவருக்கு மாம்பழத்தை விட்டார்.

ஒரு பழைய கதவுப் பலகையைச் சுவரில் சாய்த்து, நேர்த்தி கேட்டவருடைய உடுப்புத் துணியில் ஒரு சிறு துண்டு வெட்டி அதில் குத்திவைப்பார். நீலப் பூச்சேலைத் துண்டு என்றால் பிலோமினா அக்காவின் விசா. குத்துவதற்கு அந்த மீன் தகரத்து ஒடிந்த ஊசிகள்.

"பாத்தியளோ" என்றார் என்னிடம். "வேலை வந்திட்டுது."

இதில் அவரே எதிர்பாராத ஒரு பலன் இருந்தது. அவருடைய வாய் இப்போது அவருடையதாக இல்லை. ஒரு கலியாண வீட்டில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். பழக்க தோசத்தில் அவரும் ஒரு துண்டை எடுத்து வாய்வரை கொண்டுபோனார். மூன்று வரிசைக்கு அப்பாலிருந்து பிலோமினா அக்கா கதிரைகளைத் தள்ளிக்கொண்டு வந்து, அதைத் தட்டிப் பறித்தார்.

"என்ர பிள்ளையின்ர விசாவைத் தின்னப் பாக்கிறியளோ?"

"மறந்துபோனன் அக்கா."

"நீங்கள் மறக்கலாம். எம்பசிக்காரன் மறக்கமாட்டான்!"

தொப்பிச் சிப்பாயும் ஒரு நாள் வந்தான். ஊருக்குப் போக லீவு கேட்டு மாதக் கணக்காகக் கிடைக்கவில்லை. கதை அவனுக்கும் எட்டியிருந்தது. தமிழ் தெரியாததால் கையால் தையல்காரரைக் காட்டி, வாயைக் காட்டி, வானத்தைக் காட்டினான். தையல்காரர் அவனுக்கு பிஸ்கற்றை விட்டார். அன்றிலிருந்து அவன் காவல் நின்ற சோதனைச் சாவடியில் தையல்காரரின் பையை மட்டும் தலைகீழாகக் கொட்டிச் சோதித்தான். "அங்கிள், பிஸ்கட்?" என்பதுதான் அவனுக்குத் தெரிந்த பாதுகாப்புக் கேள்வி. போர் முழுவதிலும் பிஸ்கற்றுக்காக உடல் சோதிக்கப்பட்ட ஒரே பொதுமகன் அவராகத்தான் இருக்கவேண்டும்.

என் மனைவியும் போய்க் கேட்டாள். அவளுக்கு முழங்கால் நோ. விடுவதற்குச் சாப்பாடு மிஞ்சாததால், வைத்தியர் சொன்ன நடையை அவளுக்கு ஒதுக்கினார். தினமும் பின்னேரம் கீரிக் கடற்கரைவரை நடந்து திரும்புவார். அவர் நடக்க நடக்கத் தனக்கு நோக் குறைகிறது என்று அவள் கதிரையில் இருந்துகொண்டே சொன்னாள்.

ஆறு மாதத்தில் அவருடைய இடுப்புக்கு அவரே தம் காற்சட்டையைப் பிடித்துத் தைத்தார். வைத்தியர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "எப்பிடி ஐயா இவ்வளவு ஒழுங்கா இருக்கிறீங்கள்?" என்று கேட்டாராம்.

"நான் எங்க தங்கச்சி ஒழுங்கு? சனம் விடுதில்லை."

இந்த இடத்தில் நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். வருத்தத்தைக் கண்டுபிடித்தவன் நான். ஆனால் எனக்கு எரிச்சலாக இருந்தது. பாடசாலையில் காரணகாரியம் படிப்பித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒரு தையல்காரர் நடப்பதால் என் மனைவியின் முழங்கால் சுகப்படுகிறது. பிலோமினா அக்காவின் மகனுக்கு விசா கிடைத்தபோது தெருவில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது: "மாஸ்ரர் படிச்சவர்தான். ஆனா அலுவல் ஆகவேணுமெண்டா அண்ணைதான்." அது பொறாமை. அதற்கு அப்போது நான் வைத்த பெயர் விஞ்ஞான மனப்பான்மை.

அவர் ஒன்றே ஒன்றை மட்டும் விடாமல் வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ஓலையால் பின்னிய குட்டானிலிருந்து நகத்தளவு பனங்கட்டி ஒன்றை உடைத்துக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அந்தச் சிறு துண்டுக்கு வைத்தியரும் ஓம் என்று சொல்லியிருந்தார். வாரம் முழுவதும் அவர் அந்த ஒரு கடியை நோக்கித்தான் மெசின் மிதித்தார் என்று சொல்லலாம்.

நான் அதைக் கேட்டேன்.

"அண்ணை, எனக்கும் ஒரு நேர்த்தி வேணும். வவுனியாவுக்கு இடமாற்றம் கேட்டிருக்கிறன். கல்விக் கந்தோர் பேசாமல் கிடக்கு."

அவர் பலகையைப் பார்த்தார், குட்டானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்கள் கேக்கிறது இதுதானே முதல் தரம் மாஸ்ரர்" என்று சொல்லிவிட்டு, என் மண்ணிறக் காற்சட்டையின் மடிப்பில் ஒரு துண்டு வெட்டிப் பலகையில் குத்தினார். குட்டானை மனைவியிடம் கொடுத்து அலுமாரிக்குமேல் வைக்கச் சொன்னார்.

நான் கல்விக் கந்தோருக்கு ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

நான்கு மாதம் போனது. நான்கு மாதத்து ஞாயிறுகளில் அவர் வெறுந் தேத்தண்ணி குடிப்பதைப் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தேன். பிறகு ஒரு ஞாயிறு, "அண்ணை, இடமாற்றம் கிடைச்சிட்டுது" என்றேன்.

அவர் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. இன்றுவரை உறுத்துவது அதுதான். எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடா எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டது. குட்டானை இறக்குவித்து, ஒரு கட்டியை உடைத்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தார். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். நானும் தின்றேன். நல்ல பனங்கட்டி.

மூன்று நாள் கழித்து, கடையில் ஐந்தாறு பேர் கூடியிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். துணியில் அடையாளமிடும் சுண்ணக்கட்டியை எடுத்து, பலகையின் வெறும் இடத்தில் எழுதியே விளக்கினேன். விண்ணப்பம் இல்லை, இடமாற்றம் இல்லை. இல்லாத ஒன்றுக்கு நேர்த்தி வைத்து, இல்லாத ஒன்று கிடைத்ததென்று நன்றி சொல்லியும் ஆகிவிட்டது. ஆகவே ஆடு பசித்ததால் வந்தது, விசா எம்பசிக்காரன் கொடுத்ததால் வந்தது. கடைசியில் கீழே இரண்டு கோடும் போட்டேன்.

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப, நாலு மாசமும் நான் சும்மாவோ விட்டனான்?"

"ஓம் அண்ணை. சும்மாதான்."

"வீணாப் போச்சே" என்றார்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் எதையும் வீணாக்காத மனிதர், தாம் வீணாக்கிய முதற் பொருளை எண்ணிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு துண்டாகப் பலகையிலிருந்து கழற்றி, ஊசிகளைத் தகரத்தில் போட்டார். எல்லாமே சும்மாதான் என்றால், விட்டு என்ன, விடாமல் என்ன?

ஆட்களும் அவருடைய வாயைக் காவல் காப்பதை விட்டார்கள். அடுத்த கலியாண வீட்டில் அவர் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். ஒரு கதிரையும் அசையவில்லை. லீவில் போய் வந்திருந்த சிப்பாய் பையைக் கொட்டவந்தபோது, "இனி வேண்டாம் தம்பி" என்று தடுத்தார். கீரிப் பக்கம் நடப்பதும் நின்றது. என் மனைவியின் முழங்கால் மறுபடியும் நோகத் தொடங்கியது. அது பற்றி அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் எதைப் பற்றியுமே சில வாரம் சொல்லவில்லை.

மூன்று நாலு மாதத்தில் அவருடைய தையல் கதை சொல்லத் தொடங்கியது. பாடற்குழுப் பிள்ளைகளுக்கு அவர் தைத்த வெள்ளைச் சட்டைகளில் ஒன்றுக்குக் கழுத்து இல்லை. சுவாமியாரின் அங்கியில் பொத்தான்கள் ஒரு பக்கமும் அவற்றின் துளைகள் வேறு யோசனையிலும் இருந்தன. எனக்கு வந்த காற்சட்டையின் பைக்குள் கை போகவில்லை. வாயைச் சேர்த்துத் தைத்திருந்தார். போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். பகல் முழுக்கக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவருடைய மனைவி ஒரு நாள் பாடசாலைக்கே வந்தார். அவர் அதிகம் பேசாதவர். ஆய்வுகூட வாசலில் நின்று சொன்னார்.

"ஊசியின்ர கண் அவருக்குத் தெரியேல்லை மாஸ்ரர். காலமை பன்ரண்டு ஊசியில நூல் கோத்துத் திரைச்சீலையில குத்தி வைச்சிட்டுத்தான் நான் சமைக்கப் போறனான். இப்ப சீனியைக் கட்டுப்படுத்தினாப் பார்வை திரும்பலாம், பிந்தினா நிச்சயம் இல்லை எண்டு டொக்டர் பிள்ளை சொல்லுறா. நான் சொன்னாக் கேக்கிறாரில்லை. நீங்கள் அவிழ்த்த தையல். நீங்களே வந்து தையுங்கோ."

அன்று பின்னேரமே போனேன். அவர் ஊசியை மூக்குக்கு நேரே பிடித்து, நூலை எச்சிலில் நனைத்து, ஊசிக்கு அரை அங்குலம் வலப்பக்கத்தில் இருந்த காற்றில் கோத்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவேண்டிய மன்னிப்பை ஒரு பந்தி அளவுக்கு மனதில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவரைப் பார்த்ததும் அது மறந்துபோனது.

"அண்ணை, ஒரு நேர்த்தி வேணும்."

"இந்தமுறை எங்க இடமாற்றம்? கொழும்புக்கோ?"

"உங்கட கண்ணுக்கு."

"என்ர கண்ணுக்கு நானே நேர்த்தி வைக்கிறதோ? நல்ல கதை. சொந்த அலுவலுக்கு விட்டா அது நேர்த்தியில்லை மாஸ்ரர், வெறும் பத்தியம்."

"அப்ப நான் விடுறன்."

அவர் ஊசியை இறக்கினார். "நீங்களோ? நம்பாத ஆள் எப்பிடி விடுறது?"

"நம்பாமல் விடுறன். நீங்கள் நீங்களே ஊசி கோக்கிற நாள்வரைக்கும் என்ர தேத்தண்ணிக்குச் சீனி இல்லை."

அந்த நாட்களில் என் கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி. அது அவருக்குத் தெரியும். கழுத்திலிருந்த அளவு நாடாவை விரலில் சுற்றினார். துணியை விரித்துவைத்து எங்கே வெட்டுவதென்று யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இஞ்சேரும், அந்தக் கேக்கை எடுத்து ஆருக்காவது குடும். இந்த மனுசன் எனக்காகச் சீனியை விடுறார். நான் இஞ்ச இருந்து இனிப்புத் திண்டா அவரின்ர சீனி வீணாப்போயிடும்."

அதே மண்ணிறத் துண்டு, அதே ஒடிந்த ஊசி. பலகையில் அது மட்டும் தனியாகத் தொங்கியது.

கதை தெருவுக்குப் போக ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. இந்தமுறை காவல் என் வாய்க்கு. பாடசாலைத் தேநீர் இடைவேளையில் சக ஆசிரியர்கள் சீனிப் போத்தலை என் கைக்கு எட்டாத பக்கம் தள்ளிவைத்தார்கள். பிலோமினா அக்கா என் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். சோதனைச் சாவடியில் என் பை தலைகீழாகக் கொட்டப்பட்டது. "சேர், பிஸ்கட்?" என்றான் சிப்பாய். இரசாயனவியல் வினாத்தாள்கள் காற்றில் பறந்தன.

தையல்காரர் மறுபடியும் கீரிக்கு நடந்தார். சோற்றை அளந்தார். குளிசை வந்த மாதம் ஒழுங்காகப் போட்டார். ஞாயிறுகளில் நான் கடைக்குப் போவேன். எனக்கும் அவருக்கும் வெறுந் தேத்தண்ணி. குடித்து முடித்ததும் அவர் யன்னல் வெளிச்சத்துக்குப் போய், ஓர் ஊசியை எடுத்து, நூலை நனைத்து, ஊர் பார்க்க முயற்சி செய்வார். நூல் ஊசிக்கு அருகால் போகும்.

"இன்னும் ஆகேல்லை மாஸ்ரர்" என்று சிரிப்பார். "உங்களுக்கு வெறுந் தேத்தண்ணிதான்."

இது ஞாயிறு ஞாயிறாக, வருடம் வருடமாக நடந்தது. இடையில் சுவாமியாரின் பொத்தான்கள் துளைகளுக்குத் திரும்பின. என் காற்சட்டைப் பைகள் திறந்துகொண்டன. மடிப்புத் தையல் கோடு போட்டதுபோல வந்தது. நேரான தையலும் தவறுகிற ஊசியும் ஒன்றோடொன்று ஒத்துவராத அவதானிப்புகள். விஞ்ஞானம் படிப்பித்தவன் அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: கவனிக்கிற நிலையில் நான் இல்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, காலையும் பின்னேரமும் என் தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக்கொண்டிருந்தேன். முதல் மாதமே தொடங்கிவிட்டேன். முழங்கால் மறுபடியும் சுகப்பட்டிருந்த என் மனைவி, சீனிப் போத்தலை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, என்னைப் பார்க்காமலே கலக்கித் தருவாள். நான் விட்டதாகச் சொன்ன சீனி வெறும் ஞாயிற்றுக்கிழமைச் சீனி.

போர் முடியுமுன்னரே அவர் இறந்துபோனார். நான்கு நாள் காய்ச்சல். சீனி வருத்தத்தால் அவர் போகவில்லை. கண்ணும் காலும் கடைசிவரை அவரோடு இருந்தன. இதை அவர் சார்பில் எழுதிவைக்கிறேன்.

செத்த வீட்டில் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்கள். அவருடைய மனைவி எனக்குத் தாமே கொண்டுவந்தார். ஒரு கையில் கோப்பை, மற்றக் கையில் சீனிக் கரண்டி.

"இனிப் போடலாம் மாஸ்ரர்" என்றார்.

"அண்ணை ஊசி கோக்கேல்லையே அக்கா."

அவர் அந்த அழுத முகத்தோடு சிரித்தார். "அவர் ஊசி கோத்து எத்தினை வருசம்! நீங்கள் சீனி விட்ட ஏழாம் மாசமே கோத்திட்டார். கிழமை முழுக்கத் தானேதான் கோத்தவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்களுக்கு முன்னால வேணுமெண்டே தவற விடுவார்."

"ஏன்?"

"நானும் கேட்டனான். 'கோத்துக் காட்டினா மாஸ்ரர் சீனியைப் போட்டிருவார். பிறகு நான் ஆருக்காக விடுறது?' எண்டார். ஆசை வாற நேரமெல்லாம் அந்தத் துண்டைத்தான் பாப்பார். 'அங்க ஒரு மனுசன் மூண்டு கரண்டியை விட்டுட்டு இருக்கிறான்' எண்டு சொல்லிக்கொண்டு எழும்பி நடப்பார்."

மண்ணிறத் துண்டு இன்னும் பலகையில் இருந்தது. வெயில் பட்டு ஒரு பக்கம் வெளிறியிருந்தது. அத்தனை வருடம் அவரைத் தாங்கியிருந்தது அந்தத் துண்டும், அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த என் பொய்யும்.

அவருடைய மனைவி கரண்டியோடு காத்து நின்றார். "போடட்டோ?"

"வேண்டாம் அக்கா. நான் சீனி போடுறேல்லை" என்றேன்.

அந்த வாக்கியத்தை அந்தத் தெருவில் நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அது உண்மையாகத் தொடங்கியது அந்தக் கோப்பையிலிருந்துதான்.